பேனா யார் கையில்?

(‘தொலைக்காட்சிக் குற்றத் தொடரின் முடிவு அமைய வேண்டியது பார்வையாளர் விருப்பப்படியா? படைப்பாளியின் எண்ணப்படியா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘படைப்பாளியின் எண்ணப்படியே’ என்னும் அணியில் ஆற்றிய உரை)

எனக்கு முன்னால் முழங்கி முடித்துவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே!

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “எட்டு வருஷம் ஒரு கதையைப் பார்த்தவனுக்கு, கடைசியிலே அந்த ஆள் செத்தானா பிழைச்சானான்னு தெரிஞ்சுக்கிற உரிமைகூட இல்லையா?”ன்னு கேட்டார். நீங்க கைத்தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல கேள்விக்குக் கைத்தட்டுவது மரியாதை. அதுக்குப் பதில் சொல்றது என் கடமை.

அவர் எடுத்துக்கிட்டது அமெரிக்காவிலே வந்த ‘தி சோப்ரானோஸ்’ தொடரோட கடைசி அத்தியாயம். உங்களிலே பல பேர் அதைப் பார்த்திருக்க மாட்டீங்க. அவரோ முடிவை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய், மொய் எழுதற மேசையை மட்டும் காட்டிட்டு வெளியே அனுப்பின மாதிரி! (சிரிப்பு) நான் கதையைச் சொல்லிடறேன்.

டோனி சோப்ரானோன்னு ஒருத்தன். நியூ ஜெர்சி மாநிலத்திலே மாஃபியா கும்பலுக்குத் தலைவன். கொலை, கொள்ளை, வட்டி, மிரட்டல் எல்லாம் உண்டு. அதே ஆள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, நம்மளை மாதிரி ஒரு குடும்பஸ்தன். மனைவி கார்மெலா, மகள் மெடோ, மகன் ஏ.ஜே. வீட்டு நீச்சல் குளத்துக்கு வந்து தங்கியிருந்த வாத்துக் குடும்பம் பறந்து போனதைப் பார்த்து மயங்கி விழுந்துடறான். அதுக்காக மெல்ஃபிங்கிற மனநல டாக்டரம்மாகிட்டே போறான். மனுஷனைக் கொல்லும்போது வராத மயக்கம், வாத்து பறந்தா வருது! (சிரிப்பு)

இப்படி ஒருத்தனைக் கதையின் நடுவிலே நிறுத்தி, 1999 ஜனவரியிலே ஆரம்பிச்சு 86 அத்தியாயம் ஓடினது அந்தத் தொடர். உருவாக்கியவர் டேவிட் சேஸ். ஒளிபரப்பினது ஹெச்.பி.ஓ. குழந்தைகளைப் பக்கத்திலே வெச்சுக்கிட்டுப் பார்க்கிற தொடர் இல்லைங்க அது. அதையும் சொல்லிடறேன், நாளைக்கு யாரும் என்னைத் திட்டக் கூடாது.

கடைசி அத்தியாயம் வந்தது 2007 ஜூன் 10. பார்த்தவங்க ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் பேர். கடைசிக் காட்சி, ப்ளூம்ஃபீல்ட் ஊரிலே ‘ஹோல்ஸ்டென்ஸ்’ங்கிற சின்ன சாப்பாட்டுக் கடை. டோனி வந்து உட்கார்றான். கதவிலே ஒரு மணி கட்டியிருக்கு. யார் உள்ளே வந்தாலும் மணி அடிக்கும். இவன் நிமிர்ந்து பார்ப்பான். மனைவி வர்றா. மகன் வர்றான். வெங்காய வளையம் வறுத்துக் கொண்டுவந்து வைக்கிறாங்க. பக்கத்திலே ஒரு ஆள் இவங்களைப் பார்த்துக்கிட்டே எழுந்து கழிப்பறைக்குப் போறான். வெளியிலே மகள் காரை நிறுத்த முடியாம முன்னும் பின்னுமா இழுத்துக்கிட்டு இருக்கா. ஒருவழியா நிறுத்திட்டு ஓடி வர்றா. மணி அடிக்குது. டோனி நிமிர்ந்து பார்க்கிறான்.

அவ்வளவுதான். திரை கறுப்பாயிடுச்சு. சத்தம் இல்லை, சங்கீதம் இல்லை. சுமார் பத்து விநாடி வெறும் இருட்டு. அப்புறம் பெயர்ப் பட்டியல் ஓடுது. கதை முடிஞ்சுது!

அமெரிக்காக்காரன் என்ன பண்ணினான்? நாம பண்றதைத்தான் பண்ணினான். டி.வி. கெட்டுப் போச்சுன்னு நினைச்சான். கேபிள் போச்சுன்னு நினைச்சான். கண்டம் மாறினாலும் கறுப்புத் திரையைக் கண்டா மனுஷன் முதல்லே திட்டறது கேபிள்காரரைத்தான்! (சிரிப்பு, கைத்தட்டல்)

நிஜம் புரிஞ்சதும் வந்தது பாருங்க கோபம்! ஒரு கூட்டம் “ஏமாத்திட்டான்”னு சொல்லுச்சு. ஒரு கூட்டம் “டோனி செத்துட்டான்”னு சொல்லுச்சு. இன்னொண்ணு “இல்லே, குடும்பத்தோட சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், இனிமே வாழ்நாள் பூரா கதவைப் பார்த்துப் பயந்துகிட்டே சாப்பிடுவான், அதுதான் தண்டனை”ன்னு சொல்லுச்சு. அதே மாசத்திலே ஜனாதிபதி தேர்தல் வேலையிலே இறங்கியிருந்த ஹிலாரி கிளிண்டன், தன் கணவரோட ஒரு உணவுக் கடையிலே உட்கார்ந்து அந்தக் காட்சியையே கேலியா நடிச்சு வெளியிட்டாங்க. நாடே பேசினதுன்னா, நாடே பேசினது!

இதை வெச்சுத்தான் எதிரணியிலே மூணு வாதம் வெச்சாங்க. ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

முதல் வாதம், காசு. “ஹெச்.பி.ஓ. மாசாமாசம் சந்தா கட்டிப் பார்க்கிற சேனல். காசு கொடுத்தவன் கேட்கக் கூடாதா?” தாராளமா கேட்கலாம், ஐயா! நாமும் டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம். கொடுத்துட்டு, “டாக்டர், எனக்குச் சர்க்கரை இல்லேன்னு எழுதிக் கொடுங்க”ன்னு கேட்க முடியுமா? (சிரிப்பு) கேட்டதுக்கெல்லாம் தலையாட்டற டாக்டர்கிட்டே நீங்க மறுபடி போவீங்களா? சந்தா கட்டினவன் கதை கேட்கிற இடத்தை வாங்கியிருக்கான். கதை சொல்றவன் பேனாவை வாங்கலை. பிடிக்கலையா? திட்டு. எழுதிப் போடு. அடுத்த மாசம் சந்தாவை நிறுத்து. எல்லா உரிமையும் உனக்கு உண்டு. கோபப்பட உரிமை உண்டு. உத்தரவு போட உரிமை இல்லை. (கைத்தட்டல்)

இரண்டாவது வாதம், நம்ம அம்மையார் வெச்சது. ‘தி ஃப்யூஜிடிவ்’ தொடரைச் சொன்னாங்க. 1963-லே இருந்து நாலு வருஷம் ஓடினது. டாக்டர் ரிச்சர்ட் கிம்பிள், மனைவியைக் கொன்னதா பொய்யா தண்டிக்கப்பட்டு, தப்பிச்சு, உண்மையான கொலைகாரனான ஒற்றைக் கை ஆளைத் தேடி ஊர் ஊரா அலையற கதை. 1967 ஆகஸ்ட் 29-லே முடிவு வந்தது. அன்னிக்கு அந்த நேரத்திலே அமெரிக்காவிலே ஓடிக்கிட்டிருந்த டி.வி. பெட்டிகளிலே நூத்துக்கு 72 பெட்டி அதைத்தான் காட்டிக்கிட்டு இருந்தது. 1980 வரைக்கும் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கலை. “பார்த்தீங்களா, பார்வையாளர் கேட்ட முடிவைக் கொடுத்தான், ஜெயிச்சான்”னு அம்மையார் சொன்னாங்க.

அம்மா, நீங்க சொன்ன கணக்கு சரி. ஆனா ஒரு வித்தியாசத்தை விட்டுட்டீங்க. கிம்பிள் நிரபராதி. அந்தக் கதையோட கேள்வியே ‘கொன்னவன் யார்?’ அதுக்குப் பதில் சொல்லாம விட்டா அது குற்றம். ஒரு நிரபராதியைக் கடைசி வரைக்கும் குற்றவாளிக் கூண்டிலேயே நிறுத்தி வெச்ச பாவம். டோனி கதையிலே கொலைகாரன் யாருங்கிற கேள்வியே கிடையாது. முதல் வாரத்திலேயே தெரியும். அங்கே கேள்வி வேறே. ‘இவன் கொலைகாரன்னு தெரிஞ்சும், நீ ஏன் இவன் பக்கம் நிக்கறே?’ இது திரையிலே இருக்கிறவனைக் கேட்கிற கேள்வி இல்லை. சோபாவிலே இருக்கிறவனைக் கேட்கிற கேள்வி. அதுக்குப் பதிலைக் கதாசிரியர் எப்படி எழுதுவார்? நீங்கதானே எழுதணும்!

டேவிட் சேஸே இதைச் சொல்லியிருக்கார். இத்தனை வருஷம் இவன் திருடறதையும் கொல்றதையும் சந்தோஷமா பார்த்துக் கைத்தட்டினவங்க, கடைசி நாளிலே மட்டும் திடீர்னு இவனுக்குத் தண்டனை வேணும், நீதி வேணும்னு கேட்கிறாங்களேன்னு ஆச்சரியப்பட்டார். நியாயம்தானே? கூடவே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுட்டு, இலையை எடுக்கும்போது “இது திருட்டு அரிசி”ன்னு கத்தினா எப்படி? (கைத்தட்டல்)

மூணாவது வாதம், “பார்வையாளர் மனசு தெரியாம எழுதினா தொடர் தோத்துப் போகும்.” இதுக்கு அந்தத் தொடரிலேயே பதில் இருக்கு. 1999 பிப்ரவரி, அஞ்சாவது அத்தியாயம். டோனி தன் மகளைக் கூட்டிக்கிட்டு, காலேஜ் பார்க்க மெய்ன் மாநிலத்துக்குப் போறான். பாசமான அப்பா. வழியிலே, தன் கும்பலைக் காட்டிக் கொடுத்துட்டு வேறே பேரிலே வாழற ஒருத்தனைப் பார்த்துடறான். மகள் ஒரு பக்கம் நேர்முகத் தேர்விலே இருக்கா. இவன் இன்னொரு பக்கம் போய் அந்த ஆளைத் தன் கையாலேயே கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டு வர்றான்.

ஹெச்.பி.ஓ. நிர்வாகி கிறிஸ் ஆல்ப்ரெக்ட் பயந்துட்டார். “இதைக் காட்டினா ஜனங்க டோனியை வெறுத்துடுவாங்க, வேண்டாம்”னு சொன்னார். “துரோகியைப் பார்த்தும் சும்மா விட்டா, இவன் மாஃபியா தலைவன்னு எவன் நம்புவான்?”னு சேஸ் திருப்பிக் கேட்டார். படைப்பாளி ஜெயிச்சார். காட்சி வந்தது. ஜனங்க வெறுத்தாங்களா? இல்லை! அந்தத் தொடரின் மிகச் சிறந்த அத்தியாயங்களிலே ஒண்ணுன்னு இன்னிக்கும் அதைச் சொல்றாங்க. இதிலே ஒரு பாடம் இருக்கு. ‘பார்வையாளர் விருப்பம், பார்வையாளர் விருப்பம்’னு பேசறவங்க பல நேரம் பார்வையாளரைக் கேட்டுட்டுப் பேசறதில்லை. நம்ம பேரைச் சொல்லி அவங்க பயத்தைப் பேசறாங்க. வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்காதுன்னு சொல்லி, தனக்குப் பிடிக்காத சொந்தக்காரனைத் தவிர்க்கிறோமே, அந்த மாதிரி! (பலத்த சிரிப்பு) பாருங்க, முன் வரிசையிலே ஒரு ஐயா திரும்பி மனைவி முகத்தைப் பார்க்கிறார்!

நடுவர் அவர்களே, சிரிச்சது போதும். இப்போ நான் சொல்லப் போறது சிரிக்கிற விஷயம் இல்லை. என் அணி ஜெயிக்கணும்னு நான் நினைக்கிறதுக்கு உண்மையான காரணம் இதுதான்.

2001 மார்ச் 18-லே ஒரு அத்தியாயம் வந்தது. அந்த டாக்டரம்மா மெல்ஃபி இருக்காங்களே, அவங்களைக் கார் நிறுத்துமிடத்திலே ஒருத்தன் பலாத்காரம் பண்ணிடறான். போலீஸ் அவனைப் பிடிக்குது. ஆனா சாட்சியப் பொருளைக் கையாண்டதிலே நடந்த குளறுபடியாலே அவன் வெளியே வந்துடறான். ஒரு நாள் அந்த அம்மா சாப்பிடப் போன கடையிலே சுவரைப் பார்க்கிறாங்க. ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’னு அவன் படம் மாட்டியிருக்கு.

யோசிச்சுப் பாருங்க. சட்டம் கைவிட்டுடுச்சு. ஆனா வாராவாரம் அவங்க எதிரே வந்து உட்கார்றவன் யாரு? டோனி. ஒரு வார்த்தை சொன்னா போதும், அன்னிக்கு ராத்திரியே அவன் கதை முடிஞ்சுடும். அது அந்த அம்மாவுக்கும் தெரியும். பார்க்கிற நமக்கும் தெரியும். கடைசிக் காட்சியிலே அவங்க உடைஞ்சு அழறாங்க. டோனி பதறிப் போய், ஏதாவது சொல்லணுமான்னு கேட்கிறான். அமெரிக்காவிலே அன்னிக்குப் பார்த்த எத்தனை பேர் மனசு “சொல்லும்மா, சொல்லிடும்மா”ன்னு துடிச்சிருக்கும்! என் மனசும் துடிச்சது. பெண்ணைப் பெத்தவன் எவனுக்குத்தான் துடிக்காது?

அந்த அம்மா ஒரே வார்த்தை சொன்னாங்க. “இல்லை.” அதோட அத்தியாயம் முடிஞ்சுது.

அடுத்த வாரமாவது சொல்லுவாங்க, அடுத்த வருஷமாவது சொல்லுவாங்கன்னு காத்திருந்தவங்க உண்டு. தொடர் முடியற வரைக்கும் அவங்க சொல்லவே இல்லை. (அமைதி)

ஐயா, அன்னிக்கு ஓட்டுக்கு விட்டிருந்தா என்ன நடந்திருக்கும்? நூத்துக்குத் தொண்ணூறு பேர் “சொல்லு”ன்னு கையைத் தூக்கியிருப்போம். டோனி போயிருப்பான், அடிச்சிருப்பான், நாம எழுந்து நின்னு கைத்தட்டியிருப்போம். கைத்தட்டி முடிச்ச பிறகு என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு கொலைகாரன் நம்ம வீட்டுக் காவல் தெய்வமா ஆகியிருப்பான். அந்த டாக்டரம்மா அவனுக்கு ஆயுசு பூரா கடன்பட்டிருப்பாங்க. நம்ம பிள்ளைகளுக்கு நாம கத்துக் கொடுத்திருப்போம்: ‘சட்டம் தவறினா, ரவுடியைத் தேடு.’

அத்தனை பேரும் ‘ஆமாம்’னு கேட்டப்போ, ‘இல்லை’ன்னு எழுத ஒருத்தர் வேணும். அதுக்குத்தான் படைப்பாளி. நம்ம ஆத்திரத்துக்கு இடம் கொடுக்காம, நாம நாளைக்கு நிதானமா நினைச்சுப் பார்க்கும்போது ஒத்துக்கிற விஷயத்தை இன்னிக்கே எழுதறவன். (பலத்த கைத்தட்டல்) அந்த அத்தியாயத்தை எழுதினவங்களுக்கு அந்த வருஷம் எம்மி விருது கிடைச்சது. அது கிடைக்காமப் போயிருந்தாலும் என் வாதம் இதுதான்.

2007-லே, கடைசிக்கு முந்தின வாரம், அதே டாக்டரம்மா டோனியைப் பார்த்து ‘இனிமே உனக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன்’னு சொல்லிக் கதவைச் சாத்தினாங்க. எட்டு வருஷம் கேட்ட பேச்சு அவனைத் திருத்தலை, இன்னும் சாமர்த்தியமான குற்றவாளியாத்தான் ஆக்கியிருக்குன்னு அவங்க உணர்ந்துட்டாங்க. அந்த அம்மா கதவைச் சாத்தினாங்க. அடுத்த வாரம் சேஸ் திரையைச் சாத்தினார். ரெண்டு பேரும் நம்மகிட்டே சொன்னது ஒண்ணுதான்: ‘பார்த்தது போதும். இனிமே நீ யோசி.’

யோசிச்சாங்களா? யோசிச்சாங்க! அதுதான் வேடிக்கை. அதே பார்வையாளர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. மணி அடிச்சா டோனி நிமிர்வான், அவன் பார்க்கிறதை நாம பார்ப்போம். கடைசி மணிக்கு மட்டும் அவன் நிமிர்ந்ததும் நாம பார்த்தது இருட்டு. அப்போ அவன் கண்ணுக்கும் இருட்டுதானேன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சார். சில அத்தியாயங்களுக்கு முன்னாடி படகிலே உட்கார்ந்து டோனியும் அக்கா புருஷனும் பேசினாங்களே, குண்டு பாயும்போது நமக்குச் சத்தமே கேட்காதுன்னு, அதோட இதைச் சேர்த்தார் இன்னொருத்தர். குற்றத் தொடர் பார்த்தவங்களே துப்பறியறவங்களா மாறிட்டாங்க. முடிவைத் தட்டிலே வெச்சுக் கொடுத்திருந்தா, சாப்பிட்டுட்டுக் கை கழுவியிருப்பாங்க. எதிரணி நண்பர்களே, பார்வையாளர் கருத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கு? அவங்க விருப்பத்துக்கு எழுதறது உபசாரம். அவங்க அறிவை நம்பி எழுதறதுதான் மரியாதை. (கைத்தட்டல்)

“2021-லே ஒரு பேட்டியிலே, டோனி சாகிற மாதிரித்தான் முதல்லே யோசிச்சேன்னு சேஸே சொல்லிட்டாரே”ன்னு எதிரணியிலே ஒரு தம்பி குறுக்கே கேட்டார். சொன்னார், உண்மைதான். பதினாலு வருஷம் கழிச்சு சொன்னார். சண்டை ஓய்ஞ்சுதா? “அவர் யோசிச்சது வேறே, காட்டினது வேறே”ன்னு மறுநாளும் வாதம் பண்ணினாங்க! பேனாவை அவர் கீழே வெச்ச பிறகு கதை ஜனங்க கைக்குப் போயிடுச்சு. எழுதற வரைக்கும் அது அவருடையது. எழுதி முடிச்ச பிறகு நம்முடையது. இந்த வரிசையை மாத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

இன்னும் ஒரே ஒரு சாட்சி. டோனியா நடிச்ச ஜேம்ஸ் கண்டோல்ஃபினி. 2013-லே, 51 வயசிலே காலமாயிட்டார். அவரும் ஒரு பார்வையாளராத்தான் அந்த முடிவைப் பார்த்தார். இத்தனை பாடுபட்டு, இத்தனை சாவைப் பார்த்து, இப்படியா முடியறதுன்னு முதல்லே அவருக்கே தூக்கிவாரிப் போட்டதாம். ஒரு நாள் தூங்கி எழுந்து யோசிச்சப்போ, ‘இதுதான் சரியான முடிவு’ன்னு பட்டதாம். இதை அவரே ஒரு பேட்டியிலே சொல்லியிருக்கார்.

தாய்மார்களே, இதிலே இருக்கு விஷயம். பார்வையாளர் கருத்துன்னு எதைச் சொல்றீங்க? முதல் ராத்திரி கோபமா, மறுநாள் காலை நிதானமா? ராத்திரி கோபத்துக்கு எழுதினா, காலையிலே படிக்க ஒண்ணும் இருக்காது. அன்னிக்குத் திட்டின அதே கடைசிக் காட்சி நடந்த மேசையும் இருக்கையும் 2024-லே ஏலத்துக்கு வந்தப்போ, 82,600 டாலருக்குப் போச்சு. ஏமாத்தப்பட்ட இடத்தை யாராவது இவ்வளவு விலை கொடுத்து வாங்குவாங்களா? (சிரிப்பு)

நடுவர் ஐயாவோட கை மணிப் பக்கம் போகுது. நான் சேஸ் இல்லை. வாக்கியத்தை முடிச்சுட்டுத்தான் உட்காருவேன்! (சிரிப்பு)

குற்றக் கதை பார்க்கிறது தப்பில்லை. பார்த்துட்டுக் கருத்துச் சொல்றதும் தப்பில்லை, சொல்லணும். ஆனா கொல்றவனுக்கு நாம கைத்தட்டின சத்தம் நமக்கே கேட்கிற மாதிரி, எப்பவாவது ஒரு தடவை சத்தத்தை நிறுத்திக் காட்டறதுக்கு ஒருத்தர் வேணும். அவர் நம்ம விருப்பத்தைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா அந்தக் காரியம் நடக்காது. எனவே, குற்றத் தொடரின் முடிவு படைப்பாளியின் எண்ணப்படியே அமைய வேண்டும் என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.